சீசனுக்கு நிலாவெளி, மாரிக்கு வயல்

ஊர்ப் பிள்ளைகள் சிலர் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, நிலாவெளியில ஹோட்டலுக்கு ஆள் எடுக்கிறாங்களாம், சீசனுக்குப் போகலாமா?" ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் போட்டு மாளவில்லை, அதனால் முழுவதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் ஓகஸ்ட் மாதத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டாம். நவம்பரில் என்ன செய்யப்போகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டு வாருங்கள். சீசன் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசியில் இந்த நவம்பரில்தான் வந்து நிற்கிறது.

நான் மூதூர்ப் பக்கம், கட்டைபறிச்சான். திருகோணமலை டவுனுக்குப் பக்கத்தில், நிலாவெளிக் கடற்கரையில் ஒரு நடுத்தர ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங். கெஷுவலாக, அதாவது நிரந்தரமில்லாத ஆளாகச் சேர்ந்து ரூம் துடைத்து இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு எங்கள் பக்கத்திலிருந்து டவுனுக்கு வருவது லேசாகிவிட்டது. அதற்கு முன்பு துறையில் பாதைக்காக (ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்காக) காத்துக்கிடந்த கதையை அம்மா இன்றைக்கும் சொல்வார். என்றாலும் விடியற்காலை ஷிப்ட் ஏற வேண்டிய ஒருத்தி தினமும் பஸ் பிடித்து வந்துபோக முடியாது, ஆகவே சீசன் முழுக்க ஹோட்டல் குவாட்டர்ஸில்தான் சீவியம்.

சீசன் என்றால் என்ன என்று இந்தியாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கடற்கரைக்கு வருஷத்தில் இரண்டு சீசன். மே மாதமளவில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும்போது கொழும்பு, காலி, இரத்தினபுரி எல்லாம் மழையில் நனையும். நடுவில் இருக்கிற மலை அந்த மழையை வாங்கிக்கொள்ள, காற்று மட்டும் காய்ந்து சூடாகி எங்கள் பக்கம் இறங்கும். அதுதான் கச்சான். கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி அமைதியாகக் கிடக்கும். ஏப்ரல் கடைசியில் ஒருவர் இருவராக ஆட்கள் வரத் தொடங்கி, ஜூலையிலும் ஓகஸ்ட்டிலும் ரூம் இல்லை என்று சொல்லும் நிலை வந்து, செப்டெம்பரோடு அடங்கிவிடும். ஒக்டோபரில் காற்று மாறும். வாடைக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வள்ளங்களை மேலே இழுத்துவிடுவார்கள், திருகோணமலையின் வருஷ மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நேரம் பார்த்துத் தெற்கே ஹிக்கடுவை, உணவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் வெயில் எறிக்கும், சீசன் அங்கே போய்விடும்.

இந்தப் போக்குவரத்து ஹோட்டல்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் அவர்களுடைய கடல் கலங்கும் மாதங்களில் இந்தக் கரைக்கு வந்து வாடி (கரையோரக் குடில்) அடித்துத் தொழில் செய்வது எவ்வளவோ காலத்து வழக்கம். காற்றுக்குப் பின்னால் ஆள் போகிறது, அவ்வளவுதான்.

சரி, வேலை. முதலில் ஒரு விஷயம்: கடற்கரை ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் என்றால் பாதி வேலை மணலோடுதான். காலை ஐந்தரைக்கு ஹோட்டல் தோட்ட வேலைப் பொடியன்கள் மணல் சீவும் ராக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு கரைக்கு இறங்குவார்கள். இரவு அலை ஒதுக்கிய பாசி, தேங்காய் மட்டை, போத்தல், அறுந்த வலைத்துண்டு எல்லாவற்றையும் வாரி எடுத்து, காலடி ஒன்றுகூட இல்லாத மாதிரி வரிவரியாக மணலைச் சீவி வைப்பார்கள். வெள்ளைக்காரர் எழும்பிப் பார்க்கும்போது கடற்கரை நேற்றுத்தான் உண்டானது போல இருக்க வேண்டும். எட்டு மணிக்குள் அது குலைந்துவிடும். மறுநாள் திரும்ப.

நாங்கள் ரூமுக்குள் போகும்போது அந்த மணல் எங்களுக்கு முன்னால் போயிருக்கும். புதிதாக வரும் பிள்ளைக்கு நான் முதலில் பழக்குவது பெட்ஷீட் எடுப்பதைத்தான். உதறக் கூடாது. ஷீட்டின் நாலு மூலையையும் நடுவுக்கு மடித்து, மணல் முழுவதையும் ஒரு பொட்டலமாக்கி, அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே படியடியில் போய்க் கொட்ட வேண்டும். உள்ளே ஒரு தடவை உதறினாள் என்றால் மணல் மெத்தைக்குக் கீழே, ஏசிக்குள்ளே, திரைச்சீலை மடிப்புக்குள்ளே போய்விடும், அன்றைக்கு முழுக்கக் கூட்டினாலும் வெறுங்காலோடு நடக்கும் கெஸ்ட்டுக்கு அது நெருடும். குளியலறையும் அப்படித்தான். எடுத்தவுடன் தண்ணீரை ஊற்றினால் மணல் போய்க் குழாயை அடைத்துவிடும், முதலில் காய்ந்த தும்புத்தடியால் கூட்டி அள்ளிவிட்டுத்தான் தண்ணீர். துவாய்களை லோண்டரிப் பையில் போடுவதற்கு முன் வெளியே கொடியில் அடித்து உதறாவிட்டால் மெஷின்காரத் தம்பி மத்தியானம் வந்து சண்டை பிடிப்பான், அவன் பிடிப்பதும் நியாயம்.

சன்ஸ்கிரீன் கறை என்று ஒன்று இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வெள்ளை ஷீட்டில் தோள் பட்ட இடத்தில் முதலில் ஒன்றுமே தெரியாது. கழுவி எடுத்தால் துருப்பிடித்த மாதிரி செம்மஞ்சளாகத் தெரியும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, சில சன்ஸ்கிரீனில் இருக்கும் மருந்து அந்த இரும்போடு சேர்ந்து இந்த நிறத்தைத் தருகிறது. வெள்ளைத் துணிதானே என்று குளோரின் போட்டால் கறை இன்னும் ஏறும். துருவுக்குச் செய்வதைத்தான் இதற்கும் செய்ய வேண்டும், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விட்டு உப்பும் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்துத் தேய்த்தால் இறங்கும். எங்கள் லோண்டரியில் ஒரு கூடை தேசிக்காய் எப்போதும் இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், "ரூம் கழுவுற வேலைதானே" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இது தொழில். கையில் ஏறுவதற்கு ஒரு சீசன் முழுதாக வேண்டும், ஏறிய கை ஒரு ஹோட்டலுக்குப் பெரிய சொத்து.

குவாட்டர்ஸ் பற்றி. குசினிக்குப் பின்பக்கம், தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில், கூரைத் தகடு. பகலில் அதற்குள் இருக்கவே முடியாது, இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சுவர் ஆறும். ஒரு ரூமில் நாலு பேர், இரண்டு அடுக்குக் கட்டில், ஒரு ஃபேன், ஒரு அலுமாரி. எங்கள் ரூமில் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் தங்கச்சி, சேருவிலவிலிருந்து ஒரு சிங்களப் பிள்ளை, மற்ற இரண்டும் நாங்கள். என் சிங்களம் முழுக்க அந்த ரூமில் படித்ததுதான், அவளுடைய தமிழும் அப்படியே. நோன்பு காலம் சீசனுக்கு முன்னாலேயே வந்துவிடுகிற வருஷங்களில் பரவாயில்லை. வேலை நாளில் வந்தால் அவள் சஹருக்கு எழும்பும்போது நாங்கள் யாராவது ஒருவர் கூட எழும்பித் தேத்தண்ணி வைத்துக் கொடுப்போம். ஸ்டாஃப் சாப்பாடு சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, மீன். பாரையின் சதைப் பகுதி கெஸ்ட்டுக்கு கிரில்லுக்குப் போகும், தலை எங்களுக்கு வரும். அந்தத் தலைக் குழம்பைப் புளி விட்டு வைப்பதற்கு எங்கள் குசினியில் ஒரு ஐயா இருக்கிறார், அதை நான் எந்த கிரில்லுக்கும் மாற்றிக் கொடுக்கமாட்டேன்.

ஓஃப் நாளில் பஸ் ஏறி டவுனுக்குப் போவோம். சாமான் வாங்கி, கோட்டைக்குள் மான்களைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்குப் போய், திரும்பும் வழியில் டச்பே கரையில் கொஞ்ச நேரம் காற்று வாங்குவோம். சீசனில் இழப்பதும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஊர்க் கோயில் திருவிழா, ஆவணிக் கலியாணங்கள், தம்பியின் பரீட்சை, எதற்கும் நிற்க முடியாது. ஓகஸ்ட்டில் லீவு கேட்டால் கேட்கிறவளுக்கே வெட்கமாக இருக்கும், ஏனென்றால் நாம் போனால் நம்முடைய ரூம்கள் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவளின் தலையில்தான் விழும். பௌர்ணமிப் போயா நாளில் மட்டும் பார் பூட்டியிருக்கும், அன்றைக்கு இரவு ஹோட்டலே கொஞ்சம் மூச்சு விடும்.

பெண் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் "ஹோட்டல் வேலை" என்றால் முகம் ஒரு மாதிரிப் போகும். என் பெரியம்மா ஒருவர் நான் போன முதல் வருஷம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் பரவாயில்லை, ஹோட்டலுக்கு அனுப்பாதே என்று சொல்லிவிட்டுப் போனார். முன்பின் தெரியாத நாட்டில் ஒரு வீட்டுக்குள் தனியாக அடைபடுவது மரியாதை, சொந்த மாவட்டத்தில் பத்துப் பெண்களோடு சேர்ந்து சம்பளத்துக்கு வேலை செய்வது மரியாதைக்கேடு என்று எப்படி ஆனது? எனக்கு இது விளங்கவே இல்லை, இப்போதும் கோபம் வருகிறது. பயப்பட வேண்டிய இடங்கள் உண்டு, அவை எவை என்று தெரிந்துகொண்டு வந்தால் போதும். ரூம் துடைக்கும்போது கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், ட்ரொலியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்த வேண்டும். உள்ளே கெஸ்ட் இருந்தால் "பிறகு வருகிறேன்" என்று திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேராகப் போக வேண்டும். குவாட்டர்ஸ் கதவுக்கு உள்பூட்டு வேண்டும், திறப்பு எங்களிடம் இருக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து பக்கத்து ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு ஹோட்டல் வாகனம் தர வேண்டும். ஒரு பெண் சூப்பர்வைசர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம், கடற்கரை நீளத்துக்கும் ஹோட்டல் இருக்கிறது.

இனிக் காசு. அடிப்படைச் சம்பளம் என்று பேசுவது சின்னத் தொகை. வருமானத்தின் பெரிய பங்கு சேர்விஸ் சார்ஜ். கெஸ்ட்டின் பில்லில் பத்து வீதம் சேர்விஸ் சார்ஜ் என்று போடுவார்கள் இல்லையா, அதை மாதக் கடைசியில் ஒன்றாகச் சேர்த்து, வேலைக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப ஒவ்வொருவருக்கும் இத்தனை பொயின்ட் என்று வைத்துப் பிரிப்பார்கள். ரூம் நிறைந்திருக்கும் ஓகஸ்ட்டில் சேர்விஸ் சார்ஜ் அடிப்படைச் சம்பளத்தையே தாண்டிப் போகலாம். ரூம் காலியாக இருக்கும் மாதத்தில் பிரிப்பதற்கு ஒன்றும் இருக்காது. சேரும்போதே கேளுங்கள்: கெஷுவல் ஆட்களுக்கும் பொயின்ட் உண்டா? சில இடங்களில் இல்லை. ஊழியர் சேமலாப நிதி கெஷுவல் ஆளுக்கும் சட்டப்படி உண்டு. சம்பளத்தில் 8 வீதம் உங்களுடையது, 12 வீதம் முதலாளி போட வேண்டியது, அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் அவரே கட்ட வேண்டும். "நீங்க சீசன் ஆள்தானே, உங்களுக்கு இல்லை" என்று யாராவது சொன்னால் அது பொய். எங்கள் கரையில் இதைச் சொல்லியே பிள்ளைகளை ஏமாற்றிய இடங்கள் இருக்கின்றன, நான் முதலில் வேலை செய்த இடமும் அதில் ஒன்று.

அந்த முதல் இடத்தில் ஒக்டோபர் முதல் கிழமை எங்களை வரிசையாகக் கூப்பிட்டு, கணக்கை முடித்து, "சீசன் தொடங்கினா கோல் பண்ணுறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். மெத்தைகளைப் பொலித்தீனில் சுற்றி அடுக்கியது நாங்கள், கடற்கரைக் கதிரைகளை உள்ளே தூக்கிக் கட்டியது நாங்கள், உப்புக்காற்றுக்குப் பூட்டுத் துருப்பிடிக்காமல் ஒவ்வொரு கதவுக்கும் தேங்காயெண்ணெய் பூசியதும் நாங்கள்தான். கோல் வரவேயில்லை. மே மாதம் நான் எடுத்துக் கேட்டபோது, ஆள் போட்டாயிற்று என்றார்கள். புதுப் பிள்ளைகள், குறைந்த சம்பளம். அவர்கள் முதல் கிழமையே குளியலறைக் குழாய்களை அடைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அது அந்தப் பிள்ளைகளின் பிழையும் இல்லை.

இதில் என் யோசனையை மாற்றியது ஒரு கெஸ்ட். பிரான்ஸில் சவோய் மலைப்பக்கத்துப் பெண், மே மாதத்தில் வந்திருந்தாள், காற்று ஏறிக்கொண்டிருந்த நேரம். நான் ஷீட்டைப் பொட்டலமாகக் கட்டி வெளியே கொண்டுபோவதைப் பார்த்துவிட்டுச் சிரித்து, தானும் சீசன் ஆள்தான் என்றாள். பனிச்சறுக்கு நடக்கும் மலையில், கம்பியில் தொங்கி ஓடும் கதிரை லிஃப்ட்டில் ஆட்களை ஏற்றி இறக்குவது அவள் வேலை. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன், அது முடிந்தவுடன் மே மாதத்தில் அவர்களுக்கு ஓய்வு, அதனால்தான் எங்கள் சீசன் தொடங்கும்போது அவர்கள் மாதிரியான ஆட்கள் இங்கே வந்து சேருகிறார்கள். காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்னால் ஏறுமிடத்தில் இரவு விழுந்த பனியைச் சவளால் வாரித் தள்ளி மட்டமாக்க வேண்டுமாம், கதிரைகளில் உறைந்த பனிக்கட்டியைத் தட்ட வேண்டுமாம். அதற்கும் முன்னால், விடியும் நேரத்தில் வேறு ஆட்கள் போய் வெடி வைத்துப் பனிச்சரிவை வேண்டுமென்றே விழுத்திவிட்டு வருவார்கள், ஆட்கள் சறுக்கும்போது தானாகச் சரிந்து விழாமலிருக்க. நான் எங்கள் பொடியன்கள் மணல் சீவுவதைக் காட்டினேன். அவள் இறங்கிப் போய் ராக்குக் கட்டையை வாங்கிக் கொஞ்சத் தூரம் தானும் சீவிப் பார்த்தாள்.

பனி விழாத வருஷங்களைப் பற்றியும் சொன்னாள். மெஷினால் தண்ணீரைத் தூவிப் பனி உண்டாக்குவார்களாம், ஆனால் அதற்கும் குளிர் வேண்டும். உயரம் குறைந்த மலைகளில் லிஃப்ட்டை நிரந்தரமாகக் கழற்றிவிட்ட ஊர்களும் உண்டு. ரூமெல்லாம் உல்லாசப் பயணிகளுக்குப் போய்விடுவதால், வேலைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேர் வான்களுக்குள் கட்டில் போட்டுப் பனிக்குள்ளேயே மாதக்கணக்கில் தூங்குகிறார்கள் என்றாள். எங்கள் தகடு குவாட்டர்ஸைப் பற்றி நான் சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன்.

ஆனால் நான் பிடித்துக்கொண்டது இன்னொன்றை. அவளை ஒவ்வொரு டிசம்பரும் அதே கம்பெனி திரும்ப எடுக்கிறது. தயவால் எடுக்கவில்லை. மலை லிஃப்ட் தொழிலுக்கென்று அங்கே ஒரு கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு சீசன் ஒழுங்காக வேலை செய்தவருக்கு அடுத்த சீசனிலும் வேலை தர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தொழிற்சங்கங்கள் நின்று வாங்கிய ஏற்பாடு. அவளுடைய அண்ணன் குளிர்காலத்தில் அதே மலையில் வேலை, ஜூன் மாதம் பனி உருகிப் புல் வந்ததும் மாடுகளோடு மேலே ஏறிவிடுவானாம், அந்தப் பாலில் செய்யும் போஃபோர் சீஸ் அங்கே பேர்போனது. பனிக்காலம் லிஃப்ட், புல்காலம் மாடு. அவர்கள் பக்கத்தில் இப்படித்தான் குடும்பங்கள் மலையை விட்டுப் போகாமல் தாக்குப்பிடித்தன என்றாள்.

எனக்கு அங்கே என் வீடு தெரிந்தது. எங்களுக்கு வயல் இருக்கிறது, பெரிதாக இல்லை. ஒக்டோபரில் ஹோட்டல் மூடும்போது மூதூர்ப் பக்கம் முதல் மழைக்குப் பெரும்போக (மாரிகால நெல்) விதைப்பு தொடங்கும். மார்கழியில் களை பிடுங்க வேண்டும், தைப்பொங்கலுக்கு வீட்டில் நிற்கலாம், கதிர் முற்றும்போது இரவில் யானைக்குக் காவல் இருக்க வேண்டும், பெப்ரவரி மார்ச்சில் வெட்டு மெஷின் இறங்கி நெல்லை மூட்டை கட்டிவிடலாம். கட்டி முடித்து, பரண் பிரித்து, கொஞ்சம் ஆறியிருக்கும்போது ஹோட்டல் திறக்கும். இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று குறுக்கே வராத மாதிரி இந்தக் காற்றே எங்களுக்கு நேரசூசி போட்டுத் தந்திருக்கிறது. சீசனில் சேர்த்த காசில்தான் விதைநெல்லும் உழவு கூலியும், வயலில் வந்த நெல்தான் சீசன் பிந்தும் வருஷத்தில் வீட்டுச் சோறு.

இதுவும் எப்போதும் கைகொடுக்காது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த வருஷச் சீசன் தொடங்குவதற்கு முன்பே செத்துப்போனது. அடுத்த வருஷம் கொரோனா, விமான நிலையமே மூடிக்கிடந்தது. 2021 இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள், அந்தப் பெரும்போகத்தில் பயிர் மஞ்சளாக நின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அது முடிய 2022 இல் பெற்றோல் இல்லை, ஹோட்டலுக்கு வர நினைத்தவர்களும் வரவில்லை. ஒரு கால் வழுக்கினால் மறு காலில் நிற்கலாம் என்று இருந்தவர்களுக்கு இரண்டு காலும் ஒரேயடியாக வழுக்கியது. அந்த வருஷங்களில்தான் எங்கள் ஹவுஸ்கீப்பிங்கில் கை ஏறிய எத்தனையோ பேர் டுபாய்க்கும் மாலைதீவுக்கும் போனார்கள், பலர் திரும்பவில்லை. பிறகு 2023 இல் ஆட்கள் வரத் தொடங்கியபோது ஹோட்டல்காரர்கள் "ஆள் இல்லை, ஆள் இல்லை" என்று கத்தினார்கள். ஒக்டோபரில் கைவிட்டவர்களுக்கு மே மாதத்தில் எங்கிருந்து ஆள் கிடைக்கும்?

வயல் இல்லாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் நவம்பர் பெரிய மாதம். தோட்டப் பகுதியிலும் ரெஸ்டோரன்டிலும் நிற்கிற பொடியன்கள் பலர் தெற்கே போகிறார்கள். சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் ஹிக்கடுவையில் டிசம்பருக்கு வேலை பிடிப்பது கஷ்டமில்லை. பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் விடமாட்டார்கள், அவர்கள் வீட்டில் தையல், பலகாரம் என்று எதையாவது செய்துகொண்டு அடைவு வைத்த நகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் சொல்கிறேன், சீசன் காசைச் சீசனிலேயே முடிக்காதீர்கள். ஓகஸ்ட் மாதத்து சேர்விஸ் சார்ஜில் புது ஃபோன் எடுத்தவர்கள் எல்லாம் மார்கழியில் அதை விற்றதை நான் பார்த்திருக்கிறேன். ஜூன் தொடங்கும்போதே சம்பளக் கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாதாமாதம் பிரித்துப் போடச் சொல்லிப் பாங்கில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், கையில் வந்த பிறகு பிரிக்க முடியாது.

இப்போது இருக்கிற இடத்தில் நான் சூப்பர்வைசர் ஆனதும் செப்டெம்பரில் மனேஜரிடம் போய் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். கெஷுவல் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் தாருங்கள்: இந்தச் சீசன் இந்த வேலை செய்தார், அடுத்த ஏப்ரல் முதல் கிழமை முதலில் இவரைத்தான் அழைப்போம், பொயின்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று. அவர் கொஞ்ச நாள் இழுத்தார், கொழும்பு ஒபிஸைக் கேட்க வேண்டும் என்றார். நான் சவோய்ப் பெண் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், அதற்கு அவர் மசியவில்லை. புதுப் பிள்ளைகள் வந்த முதல் மாதத்தில் கறைபட்டுத் தூக்கிப்போட்ட ஷீட்டுகளின் கணக்கை எழுதிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அதற்கு மசிந்தார். கடிதம் வந்தது. அடுத்த ஏப்ரலில் அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் அநேகமாக எல்லோரும் வந்தார்கள், கலியாணம் முடித்துப் போன ஒருத்தியைத் தவிர, அவளும் தன் மச்சாளை அனுப்பினாள்.

இன்னும் கேட்கப்போகிறேன். மூடிக்கிடக்கும் மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களையாவது பெயின்ட், ஏசி சேர்விஸ், திரைச்சீலை தைப்பு என்று வைத்திருக்கலாம், இங்கிலீஷும் கொஞ்சம் ஜெர்மனும் படிப்பிக்கலாம். சீசன் தொடங்கு முன் ஸ்டாஃப் எல்லோரையும் ஒரு தடவை வள்ளத்தில் புறாத்தீவுக்குக் கூட்டிப்போக வேண்டும். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், 2003 இல் தேசிய பூங்காவாக அறிவித்த இடம், தினமும் எத்தனை கெஸ்ட் எங்களிடம் அதைப் பற்றிக் கேட்கிறார்கள், எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. தண்ணீருக்குள் முகத்தை வைத்து அந்தப் பவளப்பாறையையும் குட்டிச் சுறாக்களையும் கண்ணால் கண்டவள்தான், பாறையில் ஏறி நிற்காதீர்கள் என்று ஒரு கெஸ்ட்டிடம் உறுதியாகச் சொல்லுவாள்.

வருகிற பிள்ளைகளுக்கு: அடையாள அட்டை, கிராம சேவகர் சான்றிதழ், பாங்குப் புத்தகம், போட்டோ இரண்டு எடுத்து வாருங்கள். நியமனக் கடிதம் கேளுங்கள், வாயால் சொன்னதை நம்பி ட்ரொலியைத் தொடாதீர்கள். கறுப்பு நிறத்தில் பிடிமானமான சப்பாத்து, சீமெந்துத் தரையில் வழுக்காதது, அதற்குக் காசு பார்க்க வேண்டாம். வெளிச்சம் வராமலிருக்கக் கட்டிலுக்கு ஒரு பழைய சேலை. சிங்களம் தெரியாவிட்டால் பரவாயில்லை, ரூமில் படிக்கலாம். எங்கள் இடத்தில் மார்ச் கடைசியில் ஆள் எடுக்கத் தொடங்குவோம், வெட்டு முடிந்த கையோடு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், எந்த ஹோட்டல் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டுகிறது, எது கட்டவில்லை என்பதை நேரில் சொல்கிறேன்.